15 வேலைநாளில் 11 இலக்குகள் எப்படி நிறைவேறும்?

வடசென்னை வியாசர்பாடியில் மாலைநேரப் படிப்பு மையங்கள் நடத்தும் ஒரு சிறிய அறக்கட்டளையின் ஒருங்கிணைப்பாளர் எழுதியிருக்கிறார்:

“ஒன்பது வருஷமாக மூன்று மையங்கள் நடத்துகிறோம். 140 பிள்ளைகள் படிக்கிறார்கள். சம்பளத்துக்கு இருப்பது நான்கே பேர்: மையத்துக்கு ஒரு ஆசிரியை, அப்புறம் நான். தன்னார்வலர்கள் சுமார் 20 பேர். ஒவ்வொரு மார்ச்சிலும் டிரஸ்டிகள் கூடி அடுத்த ஆண்டுக்கான இலக்குகளை எழுதுவார்கள். போன முறை 11 எழுதினோம். கல்வித்தரத்தை உயர்த்துவது, நன்கொடையை இரட்டிப்பாக்குவது, நான்காவது மையம் திறப்பது, புது வெப்சைட், கம்ப்யூட்டர் வகுப்பு, மாதாமாதம் பெற்றோர் கூட்டம் என்று பட்டியல் நீளம். நிறைவேறியவை இரண்டு. டிரஸ்டிகளுக்கு வருத்தம், எங்களுக்குக் குற்ற உணர்வு. நடக்கக்கூடிய இலக்கை எப்படி வைப்பது? குறைத்து வைத்தால் எங்களுக்கு ஆர்வம் இல்லை என்று நினைக்க மாட்டார்களா?”

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதில் நீங்கள் குற்ற உணர்வு கொள்ள எதுவுமில்லை. உங்கள் பட்டியலில் ஒரு இலக்குகூட தவறானதில்லை. அவற்றைச் செய்ய யாருக்கு எத்தனை மணி நேரம் இருக்கிறது என்பதை மட்டும் அந்த மார்ச் மாதக் கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. நான் பார்த்த பெரும்பாலான சிறு அமைப்புகளில் இலக்குகள் விழுவது இந்த இடத்தில்தான்.

அதனால் இலக்கு எழுதும் முன்பு ஒரு கணக்குப் போடுங்கள். இரண்டு வாரம், ஒரு சாதாரண டயரியில், நீங்கள் என்னென்ன செய்கிறீர்கள் என்று மணிக்கு மணி குறித்து வையுங்கள். மையங்களுக்குப் போய் வருவது, வராத தன்னார்வலருக்கு மாற்று ஆள் தேடிப் போன் செய்வது, சுண்டலுக்குக் கடலை வாங்குவது, ரசீது எழுதுவது, வங்கிக்குப் போவது, பார்வையிட வரும் நன்கொடையாளரை அழைத்துக்கொண்டு போய்க் காட்டுவது, பள்ளியில் சண்டை போட்டுவிட்டு வந்த பையனின் அம்மாவிடம் அரை மணி நேரம் பேசுவது. இதெல்லாம் வேலைதான். வாரத்துக்கு 48 மணி நேரம் உழைக்கும் ஒருவரிடம் இப்படி எழுதி வாங்கினால், புதிதாக ஒன்றைத் தொடங்க மிஞ்சுவது பெரும்பாலும் நான்கு மணி நேரம்தான் இருக்கும். உங்களுக்கு அது மூன்றாகவும் இருக்கலாம், ஆறாகவும் இருக்கலாம். எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.

அடுத்து, ஆண்டில் எத்தனை வாரம் உண்மையில் கையில் இருக்கிறது? காலண்டரில் 52 வாரம். பள்ளிக் கோடை விடுமுறையில் பிள்ளைகள் ஊருக்குப் போய்விடுவார்கள், ஐந்து வாரம் கழியுங்கள். ஜூனில் பள்ளி திறந்து சேர்க்கை, நோட்டு, பை என்று மூன்று வாரம். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வுக்கு இரண்டு. அப்புறம் மழை. அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் நடுப்பகுதி வரை ஆறு வாரமாவது போகும். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் அந்தப் பக்கத்திலிருந்து வரும் தன்னார்வலர் வரமாட்டார் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அரையாண்டுத் தேர்வும் விடுமுறையும் இரண்டு, பொங்கல் ஒன்று, மார்ச்சில் கணக்கு முடிக்கவும் ஆண்டுத் தேர்வுக்கும் மூன்று. மொத்தம் 22 வாரம் போய், மீதி 30.

30 வாரம், வாரத்துக்கு 4 மணி நேரம். ஆக 120 மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாளாகக் கணக்கிட்டால் 15 நாள். ஒரு ஆண்டில் புதிய முயற்சிகளுக்கென்று உங்களிடம் இருப்பது அவ்வளவுதான். நான்காவது மையத்துக்கு இடம் பார்த்து, வீட்டுக்காரரிடம் பேசி, ஆசிரியை தேடுவதற்கே அந்த 15 நாளும் போய்விடும். போன ஆண்டு இரண்டு நிறைவேறியது என்கிறீர்கள். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு அந்த இரண்டை நான் நல்ல வேலை என்றே சொல்வேன்.

இந்த 15 நாளிலும் சட்டக் கடமைகள் பங்கு கேட்கும். நன்கொடையாளருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்கச் செய்யும் 80ஜி பதிவு பெற்ற அமைப்பு நன்கொடை விவர அறிக்கையை மே 31க்குள் தாக்கல் செய்ய வேண்டும். அதன் பிறகுதான் நன்கொடையாளருக்குச் சான்றிதழ் கொடுக்க முடியும். தணிக்கை அறிக்கைக்கு வழக்கமாக செப்டம்பர் 30, வருமான வரிக் கணக்குக்கு அக்டோபர் 31. வெளிநாட்டு நன்கொடைக்கான எஃப்சிஆர்ஏ பதிவு இருந்தால் டிசம்பர் 31க்குள் ஆண்டறிக்கை. அமைப்பின் வரிவிலக்குக்கான 12ஏ பதிவும் 80ஜி பதிவும் காலவரம்பு உள்ளவை, அது முடிவதற்கு ஆறு மாதம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் பதிவு ஆணையில் எந்த ஆண்டு வரை என்று போட்டிருக்கிறது என்பதை இன்றே எடுத்துப் பாருங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு என்று அறிவிக்கப்பட்ட புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்களும் படிவ எண்களும் வேறு, ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். இவை எதையும் இலக்குப் பட்டியலில் சேர்க்காதீர்கள். செய்தே தீர வேண்டியவை காலண்டரில் இருக்கட்டும். இலக்கு என்பது நீங்கள் தேர்ந்தெடுக்கும் முன்னேற்றம்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? உங்கள் பட்டியலில் முதல் வரியையே எடுத்துக்கொள்கிறேன். “கல்வித்தரத்தை உயர்த்துவது.” மற்ற பத்தையும் விட இதுதான் உங்கள் அமைப்பின் உயிர். ஆனால் இப்படி எழுதினால், மார்ச்சில் அது உயர்ந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.

மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலை முதல் வாரத்தில் ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து ஒரு தாளைக் கொடுங்கள். அதில் எழுத்துகள், எளிய சொற்கள், முதல் வகுப்பு அளவில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு சிறுகதை இருக்கும். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் ஏசர் (ASER) ஆய்வு 2005இலிருந்து பயன்படுத்தும் முறை இது. தமிழ்த் தாள்களும் இருக்கின்றன. பிள்ளை தட்டுத்தடுமாறாமல் எதுவரை வாசிக்கிறதோ அதுதான் அதன் நிலை. ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் போதும். 60 பிள்ளைகள் என்றால் 300 நிமிடம், ஐந்து பேர் உட்கார்ந்தால் தலைக்கு ஒரு மணி நேரம். ஒரே மாலையில் முடிந்துவிடும்.

ஒருமுறை புளியந்தோப்பில் இப்படிச் சோதித்தபோது நானும் உட்கார்ந்திருந்தேன். ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, அழகான கையெழுத்து, நோட்டு முழுக்க சிவப்பு டிக். கதைத் தாளைக் கொடுத்தேன். முதல் வரியை மனப்பாடம்போல் சொன்னாள், இரண்டாவது வரியில் விரல் நின்றுவிட்டது. “சார், இது எங்க புக்ல இல்ல” என்றாள். பார்த்து எழுதத் தெரிந்திருக்கிறது, வாசிக்கத் தெரியவில்லை. நான்கு வருஷமாக மையத்துக்கு வரும் பிள்ளை. அன்றைக்கு அந்த மையத்து ஆசிரியை கண் கலங்கிவிட்டார். ஆனால் அந்த ஆண்டின் இலக்கு அங்கேயேதான் பிறந்தது. யாரும் கூட்டம் போட்டு எழுதவில்லை.

60 பேரில் 22 பேர் கதையை வாசிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மார்ச்சுக்குள் எத்தனை பேராக்கலாம்? இதற்கு ஆசையிலிருந்து பதில் சொல்லாதீர்கள், பழைய கணக்கிலிருந்து சொல்லுங்கள். உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் இதைப் பற்றி எழுதினார்கள். மனிதர்கள் தங்கள் திட்டத்தை மட்டும் பார்த்து நேரத்தைக் கணிக்கும்போது பெரும்பாலும் குறைத்தே கணிக்கிறார்கள், இதேபோன்ற வேலைக்கு முன்பு எவ்வளவு காலம் பிடித்தது என்று பார்த்தால் கணிப்பு இன்னும் சரியாக வரும் என்பது அதன் சாரம். உங்களிடம் முந்தைய ஆண்டின் வாசிப்புக் கணக்கு இல்லையென்றால், முதல் ஆண்டின் இலக்கே ஜூலையிலும் மார்ச்சிலும் அளவெடுப்பதுதான். இதை டிரஸ்டிகள் ஏற்க யோசிப்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். கணக்கு இருந்தால் ஒற்றை எண்ணை எழுதாமல் மூன்றாக எழுதுங்கள்: குறைந்தது 30, எதிர்பார்ப்பது 35, எல்லாம் கூடிவந்தால் 40. மழை பலமாக அடித்த ஆண்டில் 31 வந்தால் அது தோல்வி ஆகாது.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. கால்வாய் ஓரத்திலிருந்து ஒரு தெருவையே நகரின் தென்கோடியில் பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்புக்கு மாற்றிவிட்டால் உங்கள் பிள்ளைகளில் கால்பங்கு ஒரே மாதத்தில் போய்விடும், புதியவர்கள் வருவார்கள். ஜூலையிலும் மார்ச்சிலும் இருந்த பிள்ளைகளை மட்டும் ஒப்பிடுங்கள். போனவர்களைத் தனியாக எண்ணி வையுங்கள். போன பிள்ளைக்கு அங்கே ஒரு மையம் கிடைத்ததா என்று விசாரிப்பதும் உங்கள் வேலைதான் என்பேன்.

நன்கொடையை இரட்டிப்பாக்கும் இலக்கைப் பற்றி என் சொந்த அனுபவம் ஒன்று. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது நான் ஒரு அறக்கட்டளையில் டிரஸ்டியாக இருந்தேன். போர்வை, பால் பவுடர், பாய் என்று நிவாரணத்துக்கு எங்கிருந்தெல்லாமோ பணம் வந்தது. 2016 மார்ச்சில் உட்கார்ந்து, அந்த ஆண்டின் வரவை அடிப்படையாக வைத்து அதற்கு மேல் ஒரு எண்ணை அடுத்த ஆண்டுக்கு எழுதினோம். நான்தான் அந்த எண்ணை முன்மொழிந்தேன். அடுத்து வந்தது நவம்பர் 8 பணமதிப்பிழப்பு, உண்டியலிலும் ரசீதிலும் வந்துகொண்டிருந்த ரொக்கம் நின்றது. டிசம்பர் 12 வர்தா புயல், மையத்தின் கூரை போனது. நாங்கள் போட்ட எண்ணில் பாதிகூட வரவில்லை. ஒரு ஊழியருக்கு மூன்று மாதச் சம்பளம் தாமதமானது. அவர் வேலையை விட்டுப் போனார். அவர் போனதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது. அசாதாரணமான ஆண்டை ஒருபோதும் அடிப்படையாக வைக்காதீர்கள். மூன்று ஆண்டு வரவை எடுத்து, வெள்ளம், புயல், கொரோனா போன்றவற்றுக்காக வந்த பணத்தைத் தனியாகப் பிரித்துவிட்டு மீதியைப் பாருங்கள்.

அதோடு, எவ்வளவு பணம் வரும் என்பது உங்கள் கையில் இல்லை. எத்தனை பேரை நேரில் பார்த்துக் கேட்பீர்கள் என்பது இருக்கிறது. “நன்கொடை இரட்டிப்பு” என்பதை “போன ஆண்டு கொடுத்த ஒவ்வொருவருக்கும் செப்டம்பருக்குள் ஒரு போன், ஒரு பிள்ளையின் முன்னேற்றத்தைப் பற்றி ஒரு பக்கக் கடிதம்” என்று மாற்றுங்கள். சிஎஸ்ஆர் பணத்தில், அதாவது நிறுவனங்கள் சமூகப் பணிக்குத் தரும் பணத்தில், ஒரு எச்சரிக்கை. பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைப் பொதுவாக அந்த நிதியாண்டிலேயே செலவிட வேண்டியிருப்பதால், பிப்ரவரியில் திடீரென்று “மார்ச் 31க்குள் இதை முடித்துத் தர முடியுமா?” என்று போன் வரும். எந்த வேலைக்கு ஒப்புக்கொள்வோம், எதை வேண்டாம் என்போம் என்பதை ஏப்ரலிலேயே முடிவு செய்து வைத்தால் அந்த நேரத்தில் தடுமாற வேண்டாம்.

உங்கள் 11 இலக்குகளில் நீங்கள் சொன்னவற்றில் ஊழியர்களுக்கென்று ஒன்றுகூட இல்லை. அந்த மூன்று ஆசிரியைகளில் ஒருவர் அக்டோபரில் போய்விட்டால் வாசிப்பு இலக்கு அன்றே போய்விடும். அவர்களின் சம்பளம் எத்தனை ஆண்டாக ஏறவில்லை என்று பாருங்கள். தன்னார்வலர் விஷயத்திலும் புதிதாக எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று எண்ணுவதை விட, ஜூனில் வந்தவர்களில் ஜனவரியிலும் வருபவர் எத்தனை என்று எண்ணுங்கள். கல்லூரி மாணவர்களுக்கு நவம்பரிலும் ஏப்ரலிலும் செமஸ்டர். அவர்களை அந்த மாதங்களில் எதிர்பார்த்து ஏமாறுவதும் நாம், கோபப்படுவதும் நாம்.

ஆக, உங்களுக்கு நான் சொல்லும் எண்ணிக்கை மூன்று. வாசிப்பு ஒன்று, ஆசிரியைகளைத் தக்கவைப்பது ஒன்று, பழைய நன்கொடையாளர் தொடர்பு ஒன்று. வெப்சைட்டும் கம்ப்யூட்டர் வகுப்பும் “அடுத்து” என்ற தலைப்பில் தனித் தாளில் இருக்கட்டும். நான்காவது மையம் இந்த ஆண்டு வேண்டாம். ஒவ்வொரு இலக்குக்கும் எதிரே ஒரே ஒரு பெயர், பட்ஜெட்டில் ஒரு வரி, ஒரு தேதி. ஒரு அமைப்பில் ஆண்டு முடிவில் ஆசிரியை ஒருவர் என்னிடம் சொன்னார்: “சார், அந்த எட்டாவது பாயிண்டை நான் செய்வேன்னு அவங்க நினைச்சாங்க, அவங்க செய்வாங்கன்னு நான் நினைச்சேன்.” அந்தக் கூட்டத்துக்கு அவரை அழைக்கவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. மையத்தின் பூட்டைத் திறப்பவர் இல்லாமல் இலக்கு எழுதாதீர்கள்.

திரும்பிப் பார்க்க மார்ச் வரை காத்திருக்க வேண்டாம். ஆகஸ்டில் ஒருமுறை, மழைக்கு முன்பு அக்டோபர் இரண்டாம் வாரத்தில் ஒருமுறை, பொங்கல் முடிந்து ஒருமுறை, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். அக்டோபர் கூட்டம்தான் முக்கியம். ஒரு இலக்கைக் கைவிட வேண்டுமானால் அங்கே கைவிடுங்கள், காரணத்தையும் கூட்ட மினிட்ஸ் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

டிரஸ்டிகளிடம் எப்படிச் சொல்வது என்பது உங்கள் கடைசிக் கவலை. விளக்கம் எதுவும் தயாரிக்க வேண்டாம். இரண்டு வார டயரியை ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுங்கள். அதன் கீழே 52, 22, 30, 120, 15 என்று அந்தக் கணக்கை எழுதுங்கள். பக்கத்தில் போன ஆண்டின் 11 இலக்குகளையும் வைத்து, எதற்கு எத்தனை நாள் என்று அவர்களையே பிரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். 11 வேண்டும் என்று அப்போதும் சொன்னால், இன்னொரு முழுநேர ஊழியருக்கு ஆண்டுச் சம்பளம் எவ்வளவு என்ற எண்ணையும் கையில் வைத்திருங்கள்.