வளைகாப்பு அன்று அடுப்படியில் உங்களுக்கு என்ன வேலை?

கேள்வி: எனக்கு 34 வயது. கல்யாணமாகி 7 வருடம், குழந்தை இல்லை. மஞ்சக்குப்பத்தில் மாமனார், மாமியார், கொழுந்தனாரோடு கூட்டுக் குடும்பம். சிகிச்சைக்குப் பாண்டிச்சேரி போய்வருகிறேன். மனசு உடைந்துபோகாமல் இருக்க, நன்றி சொல்ல வேண்டிய மூன்று விஷயங்களைத் தினமும் படுக்கும் முன் நோட்டில் எழுதச் சொன்னாள் ஒரு தோழி. பல மாதமாக எழுதுகிறேன். உதாரணத்துக்கு, ஓரகத்தியின் வளைகாப்பு அன்று எழுதியது: 'மழை வரவில்லை. புளியோதரை எல்லாருக்கும் பிடித்திருந்தது. வளையல் போடும் நேரத்தில் எனக்கு அடுப்படியில் வேலை இருந்தது.' (மாமியார்தான் 'நீ உள்ளே பாரும்மா' என்றார். ஓரகத்தி 'அக்கா வரட்டும்' என்று இரண்டு தடவை கேட்டாளாம்.) இப்படி எழுதியும் மனசு லேசாகவில்லை. நோட்டை மூடியதும் அழுகைதான் வருகிறது. எங்கே தப்பு செய்கிறேன்?
– பெயர் வேண்டாம், கடலூர்

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம். இடம் போதாமல் சுருக்கியிருக்கிறேன். அடைப்புக்குறிக்குள் இருக்கும் அந்த இரண்டு வரியில் மட்டும் கை வைக்கவில்லை. மற்ற பக்கங்களில் இருக்கும் கஷ்டம் எனக்குப் புதிதில்லை, வாரம் ஒரு கடிதமாவது வருகிறது. 'கவலைப்படாதீர்கள், சீக்கிரம் நல்ல சேதி வரும்' என்று நானும் எழுதப்போவதில்லை. அதைச் சொல்ல உங்களைச் சுற்றி ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

'அக்கா வரட்டும்' என்று இரண்டு தடவை கேட்டாளே, அதற்கு வருகிறேன். ஏழாம் மாதம். மணையில் உட்கார்ந்திருக்கிறாள். கன்னத்தில் பூசிய சந்தனம் காய்கிறது. சுற்றிலும் சொந்தக்காரப் பெண்கள், எதிரே மாமியார். அந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகாத சின்ன மருமகள், அத்தனை பேர் முன்னால் வாயைத் திறந்து மூத்தவளைக் கேட்கிறாள். ஒரு தடவை கேட்டிருந்தால் மரியாதைக்குக் கேட்டாள் என்று விட்டுவிடலாம். மாமியார் காதில் வாங்காத பிறகு மறுபடியும் கேட்பதற்குத் தைரியம் வேண்டும். அன்றைக்கு அந்தக் கூடத்தில் உங்களுக்காகப் பேசிய ஒரே ஆள் அவள். ராத்திரி நோட்டை எடுத்து மழைக்கு எழுதினீர்கள், புளியோதரைக்கு எழுதினீர்கள், அடுப்படிக்குக்கூட எழுதினீர்கள். அவள் பெயர் எங்கே?

நோட்டில் இல்லை என்பதோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு கோபப்பட மாட்டேன். இப்போது அவள் பிரசவத்துக்காக விருத்தாசலத்தில் தாய் வீட்டில் இருக்கிறாள், ஒன்பதாம் மாதம் நடக்கிறது, போன் செய்தால் 'வேலையாக இருக்கிறேன்' என்று வைத்துவிடுகிறேன் என்று மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள்? உங்களை உள்ளே போகச் சொன்னவருக்குத் தினமும் காபி போட்டுக் கொடுக்கிறீர்கள். வெளியே வரச் சொன்னவளுடைய போனை எடுத்துப் பேச முடியவில்லை!

'அவளைப் பார்த்தால் வயிறு எரிகிறது, அதனால் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை' என்கிறீர்கள். எரியத்தான் செய்யும். ஏழு வருடமாகக் கேட்டுக் கிடைக்காதது பக்கத்து அறையில் இரண்டு வருடத்துக்குள் கிடைத்தால் யாருக்கும் எரியும். அது குற்றமில்லை. அதை அவள் மேல் காட்டுவதுதான் குற்றம். வயிற்றெரிச்சலோடும் ஒருத்தி கையில் வளையல் போட்டுவிட முடியும்.

நோட்டு எழுதுவது தப்பா என்றால், இல்லை, எழுதுங்கள். அன்றைக்கு மழை வராதது உண்மை. புளியோதரையும் உண்மை. மூன்றாவதுதான் பொய். அப்பளம் பொரித்து முடித்த பிறகும் கூடத்துக்கு வராமல், துடைத்த மேடையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன் என்று எழுதியிருப்பது நீங்கள்தானே? அதன் பெயர் வேலையா? ஓர் அவமானம் நடந்தது. அதைக் கண்ணால் பார்க்காமல் தப்பித்தீர்கள். தப்பித்ததற்கு நன்றி எழுதினால் அழுகைதான் வரும். அந்த அழுகைக்காவது பொய் சொல்லத் தெரியவில்லையே என்று நான் சந்தோஷப்படுகிறேன்.

உங்கள் மாமியார் பிரதோஷம் தவறாமல் திருவதிகை போகிறவர் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. அந்தக் கோயிலை அலகிட்டு மெழுகித் தொண்டு செய்த திலகவதியார் பிள்ளை பெற்றவர் இல்லை. நிச்சயித்த மாப்பிள்ளை போரில் இறந்துபோக, தம்பிக்காக உயிர் வைத்திருந்து வளர்த்தவர். சூலை நோயில் துடித்து வந்த அந்தத் தம்பி, அக்காள் கையால் திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டுதான் கோயிலுக்குள் போனார். அவர்தான் அப்பர். பிள்ளை பெறாதவள் கை ஆகாது என்கிற கணக்கை மாமியார் எந்தச் சன்னதியில் கற்றாரோ!

கூட்டுக் குடும்பம் வேண்டும் என்று நினைக்கிறவள் நான். தனிக்குடித்தனம் போங்கள் என்று இந்தப் பகுதியில் அவ்வளவு சுலபமாக எழுதியது கிடையாது. அதனால்தான் சொல்கிறேன், மூத்த மருமகளுக்குச் சபையில் ஓர் இடம் உண்டு. அதை விட்டுக்கொடுத்துவிட்டுப் பொறுமை என்று பெயர் வைக்காதீர்கள். பிறக்கப்போகிற குழந்தைக்கு நீங்கள் பெரியம்மா. அந்த உறவை உங்களிடமிருந்து எடுத்துவிட மாமியாருக்கு உரிமையில்லை. உதறிவிட உங்களுக்கும் உரிமையில்லை.

சரி, உங்கள் வீட்டுக்காரர். வளைகாப்பு அன்று வெளியே பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தாராம். 'ரொம்ப நல்லவர், எதற்கும் கோபப்பட மாட்டார்.' மனைவியை உள்ளே தள்ளும்போது கோபம் வராதது நல்ல குணத்தில் சேராது. கருக்குழாய் எக்ஸ்ரே எடுத்த அன்றுகூட அடிவயிற்று வலியோடு தனியாகவே பாண்டிச்சேரியிலிருந்து பஸ்ஸில் திரும்பியிருக்கிறீர்கள். குழாய் இரண்டும் திறந்திருக்கின்றன, ஹார்மோன் சரி, ஸ்கேன் சரி. அவருக்கு இதுவரை ஒரு டெஸ்ட்கூட எடுக்கவில்லை, 'கூச்ச சுபாவம்.' ஏழு வருடமாகக் கூச்சமா?

ஒரு வருடம் முயன்றும் கரு தங்காவிட்டால் இருவரையும் சேர்த்துப் பரிசோதிக்க வேண்டும் என்பதுதான் மருத்துவ முறை. பெண்ணுக்கு 35 தாண்டினால் ஆறு மாதமே போதும் என்கிறார்கள். நீங்கள் அந்த வயதை நெருங்குகிறீர்கள். குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கத்துக் காரணமும் இருக்கிறது. விந்தணுப் பரிசோதனைக்கு ஊசி இல்லை, வலி இல்லை. 2 முதல் 7 நாள் வரை உறவு இல்லாமல் இருந்துவிட்டு மாதிரி கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். குறைவாக வந்தால் சில வாரம் விட்டு மறுபடி பார்ப்பார்கள். ஒரு கடும் காய்ச்சல்கூட எண்ணிக்கையைக் கொஞ்ச காலத்துக்குக் குறைத்துவிடும். விதைப்பையில் நரம்பு புடைத்திருப்பது போன்ற சில காரணங்களுக்குச் சிகிச்சையும் இருக்கிறது. அடுத்த தேதிக்கு அவர் கூட வராமல் நீங்கள் பஸ் ஏற வேண்டாம்.

அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை விருத்தாசலம் போங்கள், அவரையும் கூட்டிக்கொண்டு. போகிறோம் என்று மாமியாரிடம் அவரே சொல்லட்டும். அனுமதி கேட்க வேண்டாம், தகவல் போதும். திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் கண்ணாடி வளையல் வாங்கிக்கொள்ளுங்கள். அளவை மட்டும் முன்கூட்டியே அவளுக்குப் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். ஒன்பதாம் மாதத்தில் கை வீங்கியிருக்கும், பழைய அளவு ஏறாது.