கேள்வி நேரம்: 14 நிமிடப் பாடல்

கேள்வி: பிளாக் மெட்டல், புரோகிரெசிவ் மெட்டல் என்ற இரண்டு கனத்த ராக் இசை வகைகளையும் கலந்த, ஒரு குழுவின் முதல் ஆல்பம் ஒன்றைப் பரிந்துரைப்பீர்களா? என் அண்ணன் இவ்வகை இசையை வெறும் இரைச்சல் என்கிறார். – கல்லூரி மாணவர், திருமங்கலம்.

பதில்: சுவீடனின் ஓபெத் குழு 1995இல் வெளியிட்ட 'ஆர்கிட்' என்ற முதல் ஆல்பத்தைக் கேளுங்கள். பிளாக் மெட்டலுக்குரிய கரகரத்த அலறலையும் இருண்ட சாயலையும் வைத்துக்கொண்டே, புரோகிரெசிவ் பாணியில் பல்லவிக்குத் திரும்பும் வழக்கத்தைக் கைவிட்டு, இரண்டு கித்தார்கள் தனித்தனி மெட்டில் ஒன்றையொன்று தழுவிச் செல்லுமாறு அவர்கள் பாடல்களை நீட்டியிருக்கிறார்கள். (டெத் மெட்டல் என்ற இன்னொரு மெட்டல் வகையும் இதில் கலந்திருக்கிறது.) முதல் பாடலே 14 நிமிடம், திருமங்கலத்தில் பேருந்து புறப்படும்போது அதைத் தொடங்கினேன், திருப்பரங்குன்றம் மலை கண்ணில் பட்டபோதும் அது முடிந்திருக்கவில்லை.

குறையும் உண்டு. அலறலிலிருந்து மென்மையான கித்தாருக்குத் தாவும் சில இடங்களில் ஒட்டுப்போட்ட தையல் தெரிகிறது. முதல் முயற்சிக்கே உரிய அந்தத் துணிச்சலுக்காக அதை நான் பொறுத்துக்கொள்கிறேன். உங்கள் அண்ணனுக்கு, குழுவின் டிரம்ஸ் கலைஞரே பியானோவில் வாசித்த 3 நிமிடத் துண்டை முதலில் போட்டுக்காட்டுங்கள். யாருடைய ஆல்பம் என்பதைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.