செத்த குட்டியின் வயிறு சொல்லும் சேதி

கேள்வி: என் பன்றி இரண்டாம் ஈற்றில் 11 குட்டிகள் போட்டது. மூன்று நாளைக்குள் 4 செத்துவிட்டன. அதில் இரண்டு தாயின் அடியில் நசுங்கிக் கிடந்தன. மீதிக் குட்டிகளும் வெளுத்துத் தெரிகின்றன. என்ன ஊசி போடலாம்?

பதில்: ஊசி ஒன்று உண்டு, சொல்கிறேன். ஆனால் போன நான்கையும் அந்த ஊசி காப்பாற்றியிருக்காது. அவற்றுக்குக் கிடைக்காமல் போனது சூடும் சீம்பாலுமாகத்தான் இருக்கும்.

நசுங்கிச் செத்த குட்டியை அறுத்துப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது இரைப்பையை. திரண்ட பால் இருக்க வேண்டிய இடம் பல சமயம் வெறுமையாக இருக்கும். அடுத்து குளம்பு. பிறக்கும்போது அதன் நுனியில் மெத்தென்று ஓர் உறை இருக்கும். எழுந்து நடந்த குட்டிக்கு அது தேய்ந்துபோகும். உறை அப்படியே இருந்தால் அந்தக் குட்டி நடக்கவே இல்லை. பசியிலும் குளிரிலும் துவண்ட குட்டி கதகதப்புக்காகத் தாயின் மடியோடு ஒட்டிக் கிடக்கும். தாய் சாயும்போது விலகிக்கொள்ள அதற்குத் தெம்பு இருக்காது. அதனால் தாயைக் குறை சொல்லாதீர்கள்.

பன்றிக்குட்டிக்கு மயிரும் சொற்பம், உடலில் கொழுப்பும் சொற்பம். முதல் நாள் அது படுக்கும் இடம் 32 முதல் 34 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். தாய்க்கோ 18 முதல் 22 டிகிரிதான் சுகம். அதற்கு மேல் போகப்போகத் தீவனம் குறையும், பாலும் குறையும். ஆகவே கொட்டில் முழுவதையும் சூடாக்காமல், தாய் நுழைய முடியாத ஒரு மூலையைத் தடுத்து, காய்ந்த வைக்கோல் பரப்பி, மேலே சூட்டு விளக்கைச் சங்கிலியில் கெட்டியாகத் தொங்கவிடுங்கள். விளக்கு விழுந்தால் வைக்கோல் பற்றிக்கொள்ளும். உயரம் சரிதானா என்பதைக் குட்டிகள் படுத்திருக்கும் விதத்தில் தெரிந்துகொள்ளலாம். ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குவிந்தால் குளிர்கிறது. விளக்கை விட்டு ஓரமாக ஒதுங்கினால் சூடு அதிகம். கால் நீட்டிப் பக்கம் பக்கமாகக் கிடந்தால் சரி. சுவரோரம், தரையிலிருந்து 20–25 செ.மீ. உயரத்தில், சுவரிலிருந்தும் அதே அளவு தள்ளி ஒரு குழாய்த் தடுப்பு போட்டால் தாய் சாயும்போது குட்டி தப்ப வழி இருக்கும்.

சீம்பால் விஷயத்தில் பன்றிக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நஞ்சுக்கொடி வழியாக நோய் எதிர்ப்புச் சக்தி குட்டிக்குப் போவதில்லை. எல்லாமே சீம்பாலில்தான் வர வேண்டும். அதைக் குடல் உறிஞ்சிக்கொள்வதும் ஏறக்குறைய முதல் 24 மணி நேரம்தான், அதிலும் முதல் ஆறு மணி நேரம் பொன்னானது. 11 குட்டிகளில் கடைசியாகப் பிறந்தவை முந்தியவற்றோடு போட்டி போட முடியாது. வயிறு நிறைந்த பெரிய குட்டிகளை ஒரு மணி நேரம் கதகதப்பான பெட்டியில் வைத்துவிட்டுச் சின்னதுகளை மடியில் விடுங்கள். முதல் நாளில் இப்படி இரண்டு முறை செய்தால் போதும்.

இனி ஊசி. குட்டி ஏறக்குறைய 50 மி.கி. இரும்புச்சத்தோடு பிறக்கிறது. தினம் 7 மி.கி.யாவது வேண்டும், பாலில் கிடைப்பதோ 1 மி.கி. அளவுதான். அதனால் மூன்றாம் நாளையொட்டி 200 மி.கி. இரும்பு டெக்ஸ்ட்ரான் ஊசியைக் கழுத்துத் தசையில் போடுவது வழக்கம். ஒரு மில்லியில் 100 மி.கி. உள்ள மருந்தும் உண்டு, 200 உள்ளதும் உண்டு. புட்டியைப் படித்த பிறகே அளவு எடுங்கள்.

ஆனால் மூன்று நாளிலேயே குட்டி வெளுப்பது பெரும்பாலும் இரும்புக் குறையால் அல்ல. அந்தச் சோகை தெரிய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். தொப்புள்கொடியில் ரத்தம் கசிந்ததா, உடம்பு சில்லிட்டிருக்கிறதா, வயிறு ஒட்டியிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். தாயின் மடியையும் தொட்டுப் பாருங்கள். மடி கல்லாக இறுகிச் சுட்டாலோ, காம்பை மறைத்துக் குப்புறப் படுத்தாலோ, தீவனத்தை ஒதுக்கினாலோ, காய்ச்சல் 40 டிகிரியைத் தாண்டினாலோ அன்றைக்கே கால்நடை மருத்துவரை அழையுங்கள். பெரிய பன்றிகளும் கடுங்காய்ச்சலில் விழுந்து, காது சிவந்து சாகத் தொடங்கினால் அது ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலாக இருக்கலாம். உடனே அரசு கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். ஒரு பன்றியைக்கூட வெளியே அனுப்பாதீர்கள்.

அடுத்த சினைக்கு, இணை சேர்த்த நாளிலிருந்து 114 நாள் கணக்கு வையுங்கள். 112ஆம் நாளே விளக்கை எரியவிட்டு மூலையைச் சூடாக்குங்கள். ஈனும் நேரத்தில் காய்ந்த துணியோடு பக்கத்தில் இருந்து, ஒவ்வொரு குட்டியையும் துடைத்துக் காம்பில் சேருங்கள்.