ஆந்தையா, ஓத்தோவா?

இந்த மாதம் பழங்காசுப் பக்கத்துக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: பெரிய தொகை போட்டு ஒரே ஒரு காசு வாங்கலாமா? ஒருவர் பணத்தை எடுத்துவைத்துக்கொண்டே கேட்கிறார். அவரிடமிருந்து ஆரம்பிக்கலாம்.

கேள்வி: பதினொரு வருடமாகச் சேர்க்கிறேன். ரோமானியப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்துச் சின்ன வெண்கலக் காசுகள் 140 இருக்கின்றன. இப்போது கையில் போனஸ் பணம். பள்ளிப் பாடப்புத்தகத்தில் படம் பார்த்த நாளிலிருந்து ஆதென்ஸ் ஆந்தைக் காசின் மேல் எனக்கு ஒரு கண். நண்பரோ, "ஆந்தை மலிந்துபோச்சு, ஓத்தோ காசைப் பிடி" என்கிறார். எதை வாங்குவது? ஒரு காசுக்கு இவ்வளவு செலவு செய்வது சரிதானா?

பதில்: சரியா என்று கேட்டால், சரியில்லைதான். கட்டவேண்டிய தவணைகளையெல்லாம் கட்டியாகிவிட்டதா என்று பார்த்துவிட்டு மேலே படியுங்கள். எனக்கும் புத்தி சொல்லும் யோக்கியதை கிடையாது. மூன்று மாதச் சம்பளத்தை ஒரு காசில் போட்டவன் நான். அதுவும் உங்கள் நண்பர் சொல்லும் அதே ஓத்தோ.

அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பேரரசர் ஓத்தோ ரோமை ஆண்டது கி.பி. 69-இல், ஜனவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை, மூன்று மாதம். ஒரு போரில் தோற்றதும் தன்னையே குத்திக்கொண்டு செத்துப்போனார். ரோமானிய எழுத்தாளர் சூட்டோனியஸ் வாழ்க்கை வரலாறு எழுதிய பன்னிரண்டு சீசர்களின் காசையும் வரிசையாகச் சேர்ப்பது எங்கள் கூட்டத்தில் ஒரு பழைய நோய். அந்த வரிசையில் பலரும் முட்டிக்கொண்டு நிற்கும் இடங்களில் ஒன்று ஓத்தோ. காசு அடிக்கும் ரோம் அக்கசாலையில் அவர் பெயரில் வெண்கலக் காசே அடிக்கவில்லை. வெள்ளி டெனாரியஸ் கிடைத்தால்தான் உண்டு. அதில் ஒரு வகையின் பின்புறம் "உலக சமாதானம்" என்று பொறித்திருக்கும். ஒரே வருடத்தில் நான்கு பேரரசர்களைப் பார்த்த உள்நாட்டுப் போரின் நடுவே அடித்த காசு அது!

என்னுடையது அந்த வகைகூட இல்லை. கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய வெள்ளித் துண்டு. பின்புறம் கையில் மாலையோடு நிற்கும் பெண் தேய்ந்து நிழலாகிவிட்டாள். OTHO என்ற பெயரின் நான்கு எழுத்தில் மூன்றுதான் தெரியும். முன்புறம் ஓத்தோவின் தாடை காசுக்கு வெளியே போய்விட்டது. ஆனால் தலைமுடி மட்டும் வரிசை வரிசையாக, கட்டி வைத்தது போல, அப்படியே இருக்கிறது. அது டோப்பா. யாருக்கும் சந்தேகம் வராதபடி ஓத்தோ அதைப் பொருத்திக்கொண்டிருந்தார் என்று சூட்டோனியஸே போட்டுக்கொடுத்திருக்கிறார். அந்த முடிக்காகத்தான் வாங்கினேன்.

இப்போது உங்கள் விஷயம். ஓத்தோ உங்கள் நண்பரின் ஆசை. பள்ளிக்கூடத்திலிருந்து நீங்கள் சுமந்துகொண்டு வருவது ஆந்தையை. ஆந்தையையே வாங்குங்கள்.

மலிந்துவிட்டது என்பது பொய்யில்லை. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் லவ்ரியன் சுரங்கத்து வெள்ளியை வைத்து ஆதென்ஸ் டெட்ராட்ராக்ம் என்ற இந்த நான்கு டிராக்மா காசை அடித்துத் தள்ளியது. சமீப ஆண்டுகளில் பெரும் புதையல்களிலிருந்தும் ஏராளமாகச் சந்தைக்கு வந்திருக்கிறது. அது உங்களுக்கு நல்லதுதானே? வரிசையில் நிற்க வேண்டாம், நிதானமாகப் பொறுக்கலாம். இந்த வாரம் நழுவினால் அடுத்த மாதம் இன்னொன்று வரும். ஓத்தோவில் அந்தச் சௌகரியம் கிடையாது. "இதை விட்டால் எப்போதோ" என்ற பயத்தில் தாடை இல்லாதவனுக்கும் தலையாட்டிவிடுவோம்.

பொறுக்கும்போது ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். படம் செதுக்கிய அச்சின் அளவுக்கு வெள்ளித் துண்டு பெரும்பாலும் போதாது. அதனால் ஏதாவது ஒன்று விளிம்புக்கு வெளியே போய்விடும்: முன்புறம் இருக்கும் அதீனா தேவியின் மூக்கு நுனி, அவள் தலைக்கவசத்துக் குஞ்சம், ஆந்தைக்குப் பின்னால் இருக்கும் ஆலிவ் இலை. குஞ்சம் முழுதாக விழுந்த காசுக்கு விலை எகிறும். எனக்கு அதில் உடன்பாடில்லை. குஞ்சத்தோடு யார் பேசப் போகிறார்கள்? முகம் முழுதாக இருக்கட்டும், கண் கூர்மையாக இருக்கட்டும். பக்கவாட்டு முகத்தில் நேரே பார்க்கும் கண்ணை வைத்திருப்பார்கள், அதுதான் அந்தக் காசின் உயிர். மறுபுறம் ஆந்தையும் தலையைத் திருப்பி உங்களையே முறைக்கும். இன்றைய கிரேக்க ஒரு யூரோ நாணயத்திலும் அதே ஆந்தைதான். பை நிறையச் சில்லறை வைத்திருப்பவருக்கும் அதைப் பார்த்தால் ஒரு நொடி கை நிற்கும்.

வெட்டுக்காயம் பட்ட ஆந்தை வந்தால் ஒதுக்காதீர்கள். உள்ளே செம்பு வைத்து மேலே வெள்ளி போர்த்திய கள்ளக் காசு அன்றைக்கே புழங்கியது. அதனால் வாங்குகிறவர்கள் உளியால் ஒரு வெட்டு வெட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏற்பார்கள். இதனால் விலையும் இறங்கும். எனக்கு அந்த வெட்டு பிடிக்கும். 2,400 வருடம் முன்னால் ஒருத்தர் உங்களைப் போலவே சந்தேகப்பட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார்.

கடைசியாக, 140 வெண்கலத்தில் நூறைத் தள்ளிவிடுங்கள். ஒரு காசில் பெரிதாகப் போடும்போது சின்னதெல்லாம் ஏன் வாங்கினோம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். நான் தள்ளிய காசுகளில் இரண்டைத்தான் இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

கேள்வி: ஏலத்தில் உச்சவரம்பைத் தாண்டாமல் இருப்பது எப்படி?

பதில்: விழும் தொகைக்கு மேல் ஏல நிறுவனத்தின் கட்டணம் சுமார் 20 சதவீதம் வரும், அப்புறம் அஞ்சல், இறக்குமதி வரி. இவையெல்லாம் உள்ளடங்கியதுதான் உச்சவரம்பு. அதை ஒரு சீட்டில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிவைப்பது என் வழக்கம். இரண்டு முறை சீட்டைக் கிழித்துப் போட்டிருக்கிறேன், அது வேறு கதை.

கேள்வி: போலியைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி சொல்லுங்கள். அதிகப் பணம் போடப் பயமாக இருக்கிறது.

பதில்: பயம் இருப்பது நல்லது. எனக்கு அது இல்லாமல் போனதால் வந்த வினையைச் சொல்கிறேன்.

என் முதல் ஆந்தை போலி. விற்றவர், தாத்தாவின் பெட்டியில் இருந்தது என்றார். நானும் பெட்டியின் கதையை வாங்கினேனே தவிர காசைப் பார்க்கவில்லை. நல்ல ஆந்தை 17.2 கிராம் சுற்றி நிற்க வேண்டும். இது 15.9. "தேய்ந்திருக்கும்" என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எழுத்தெல்லாம் சோப்புக் கட்டி கரைந்தது போல மழுங்கியிருந்தது. அதற்கும் ஒரு சமாதானம்.

ஆறு மாதம் கழித்து வேறொருவரின் விற்பனைப் படத்தில் அதே காசைப் பார்த்தேன். அச்சு ஒன்றாக இருக்கலாம், அதில் தவறில்லை. ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் அடிப்பார்கள். ஆனால் விளிம்பில் அதே இடத்தில் அதே விரிசல். அதீனாவின் கன்னத்தில் அதே கீறல். கையால் சுத்தியல் வைத்து அடித்த காசில் விளிம்பு விரிசல் இரண்டுக்கு ஒன்றாக அமையவே அமையாது. அசலான ஒரு காசை வைத்து வார்ப்பு எடுத்தால்தான் விரிசலும் சேர்ந்து வரும். பூதக்கண்ணாடியில் விளிம்பைச் சுற்றிப் பார்த்தேன். வார்ப்பின் இரு பாதிகளும் சேரும் கோடு மெல்லிசாக, அரத்தால் தேய்த்து மறைத்தும் மறையாமல், ஓடிக்கொண்டிருந்தது. விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை.

ஆக எடை, விளிம்பு, இரட்டைப் பிள்ளை உண்டா என்ற தேடல். இந்த மூன்றும் வார்ப்புப் போலியைப் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். அச்சு செதுக்கி அடிக்கும் போலி வேறு ஜாதி. 1830-இல் இறந்த கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் என்ற ஜெர்மானியர் அதில் மகா கெட்டிக்காரர். புதிதாக அடித்த "பழங்காசு"களை இரும்புத் தூளும் கொழுப்பும் போட்ட பெட்டியில் அடைத்துக் குதிரை வண்டியில் கட்டி ஊர் சுற்றி வருவாராம், பழசாவதற்கு. அந்த ரகத்தைக் கண்டுபிடிக்க உங்களாலும் ஆகாது, என்னாலும் ஆகாது. போலி என்று நிரூபணமானால் எத்தனை வருடம் கழித்தும் திரும்ப வாங்கிக்கொள்வேன் என்று எழுதித் தரும் வியாபாரியிடம் மட்டுமே பெரிய காசு வாங்குங்கள்.

அந்தப் போலி ஆந்தை இப்போது என் பேரனிடம் இருக்கிறது. பூவா தலையா போட நன்றாக உருள்கிறது.

கேள்வி: முந்தைய உரிமையாளர் விவரம் உள்ள காசுக்குக் கூடுதல் விலை கேட்கிறார்கள். காகிதத்துக்கா பணம்?

பதில்: ஆமாம், காகிதத்துக்குத்தான். காசின் அழகில் கஞ்சத்தனம் காட்டுங்கள், இதில் காட்டாதீர்கள்.

சீசரைக் கொன்ற புரூட்டஸ் அடித்த காசு ஒன்று உண்டு. ஒருபுறம் அவர் முகம், மறுபுறம் இரண்டு குத்துவாள், நடுவே விடுதலை பெற்ற அடிமைகள் அணியும் தொப்பி, கீழே மார்ச் 15 என்ற நாள். வெள்ளியில் கொஞ்சம் கிடைக்கிறது, தங்கத்தில் விரல்விட்டு எண்ணலாம். அப்படி ஒரு தங்கக் காசு 2020 அக்டோபரில் லண்டன் ஏலத்தில் சுமார் 42 லட்சம் டாலருக்குப் போனது. பின்னாலேயே, அதன் பூர்வீகம் என்று காட்டிய விவரம் புனைவு என்று தெரியவந்தது. 2023-இல் நியூயார்க் அதிகாரிகள் காசை கிரீஸிடம் ஒப்படைத்தார்கள். அதற்கு முன்னால் துருக்கியில் எல்மாலிப் புதையல். 1984-இல் தோண்டி எடுத்துக் கடத்திய சுமார் 1,900 வெள்ளிக் காசுகள். டெக்காட்ராக்ம் என்ற, ஆதென்ஸின் அபூர்வமான பத்து டிராக்மா காசுகளும் அதில் இருந்தன. பெரும்பகுதி 1999-இல் துருக்கிக்கே திரும்பியது.

திருடித் தோண்டிய குழியில் காசோடு சேர்த்து வரலாறும் போய்விடுகிறது. எந்தப் பானையில், எந்தக் காசுகளோடு, எந்த மண்ணடுக்கில் இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அதனால் பழைய ஏலப் பட்டியலில் படம் வந்த காசா என்று பாருங்கள். படத்தையும் காசையும் பக்கத்தில் வைத்து, மேலே சொன்ன அதே விளிம்பு விரிசலை ஒப்பிடுங்கள். போலிக்கு எமனாக இருந்த விரிசல் இங்கே சாட்சிக்கு வரும். உங்கள் நாட்டுச் சட்டம், காசு வரும் நாட்டுச் சட்டம் இரண்டையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

என் ஓத்தோவோடு ஒரு வட்டச் சீட்டு வந்தது. பழுப்பு மையில், மிகப் பொடி எழுத்தில் பெயரும் எடையும் எழுதியிருக்கிறது. எழுதியவர் யார் என்று தேடிக்கொண்டேயிருக்கிறேன். காசைத் தொலைத்தாலும் அந்தச் சீட்டைத் தொலைக்க மாட்டேன் என்று சொல்லத் தோன்றுகிறது, ஆனால் அது பொய்.

கேள்வி: தரமதிப்பீட்டு நிறுவனம் பிளாஸ்டிக்கில் அடைத்துக் கொடுத்த காசை உடைத்து எடுக்கலாமா?

பதில்: நான் உடைப்பேன். அச்சுக்கு ஐந்துக்கு இவ்வளவு, மேற்பரப்புக்கு ஐந்துக்கு இவ்வளவு என்று மார்க் போட்ட சீட்டைப் பத்திரப்படுத்திவிட்டு. திரும்ப விற்கும் எண்ணம் இருந்தால் உடைக்காதீர்கள்.

கேள்வி: வெண்கலக் காசில் வெளிர்பச்சையாக மாவு பூக்கிறது. தேய்த்துக் கழுவலாமா?

பதில்: உடனே மற்ற காசுகளிடமிருந்து பிரித்து வையுங்கள். உலோகத்துக்குள் இருக்கும் குளோரைடு, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து காசைத் தின்கிறது. வாலைவடி நீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள், வாரக்கணக்கில் ஆகும். நன்றாக உலர்ந்ததும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள். கடினமாக, வழவழப்பாக இருக்கும் பச்சை வேறு. அது காசின் தோல், விலையே அதற்குத்தான். எலுமிச்சை, பல்பொடி பக்கமே போகாதீர்கள்.

கேள்வி: என் கணவர் விடுமுறைப் பயணத்துக்கு வைத்திருந்த பணத்தில் ஒரு பழைய வெள்ளிக் காசு வாங்கிவிட்டார். கேட்டால் "முதலீடு" என்கிறார். ராத்திரி பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார். கோபப்படலாமா?

பதில்: தாராளமாக. முதலீடு என்று சொன்னதற்காகவே படலாம். வாங்கும்போது ஒரு கட்டணம், விற்கும்போது ஒரு கட்டணம், நடுவே மலிந்துபோகும் ஆபத்து. விலை ஏறினால் அதிர்ஷ்டம், அவ்வளவுதான். ஆசைப்பட்டு வாங்கினேன் என்று அவர் ஒப்புக்கொள்ளட்டும். அகஸ்டஸ் சீசர் பண்டிகை நாட்களில் பழைய, அந்நிய நாட்டுக் காசுகளைப் பரிசாகக் கொடுத்து மகிழ்வாராம். அவர்கூட முதலீடு என்று சொன்னதில்லை.

அப்புறம், விலை, வாங்கிய இடம், நாள் எல்லாவற்றையும் எழுதிய பட்டியல் ஒன்று உங்கள் கையில் இருக்க வேண்டும். அவருக்குப் பிறகு பழைய இரும்பு விலைக்கு அதை யாரும் கேட்டு வரக் கூடாது இல்லையா?

என் வீட்டில் ஓத்தோ வந்த பொட்டலத்தை நான் இல்லாத நேரத்தில் பிரித்தது என் மனைவி. உள்ளே ரசீதும் இருந்தது. நான் வந்தபோது ரசீதை மேசையில் விரித்து, அதன் மேல் காசை வைத்து எனக்காகக் காத்திருந்தாள். மூன்று நாள் பேச்சு கிடையாது. நாலாம் நாள் காலையில் அவளே காசை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். ஓத்தோவைப் பற்றி அதுவரை அவளிடம் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"இவன் தலையில இருக்கறது சொந்த முடி இல்லையே," என்றாள்.