கல்யாணத்துக்காக இன்னொரு ஞானஸ்நானமா?

கேள்வி: நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். மூன்று மாதக் குழந்தையாக இருக்கும்போது எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். பதினாறு வயதில், விசுவாசத்தை நானே அறிக்கையிடும் திடப்படுத்தலும் ஆயிற்று. நிச்சயமாகியிருக்கும் மாப்பிள்ளை வீட்டார் பெந்தெகொஸ்தே சபை. "தலையில் தெளித்ததெல்லாம் கணக்கில் வராது, கல்யாணத்துக்கு முன் முழுக்கு எடுத்துவிடு" என்கிறார்கள். அம்மாவோ, "அப்போ நாங்கள் உன்னைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தது வெறும் பச்சைத் தண்ணியா?" என்று அழுகிறார். யார் சொல்வது சரி?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: அம்மாவின் கேள்வி நியாயமானது. ஆனாலும் மாப்பிள்ளை வீட்டார் சொல்வதில் விஷயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. 'பாப்டிசோ' என்ற கிரேக்கச் சொல்லுக்கு முக்குவது, அமிழ்த்துவது என்றுதான் பொருள். இயேசு யோர்தான் ஆற்றில்தான் யோவானிடம் ஞானஸ்நானம் பெற்றார். அப்போஸ்தலர் பவுல் ரோமர் நிருபம் 6-ஆம் அதிகாரத்தில் ஞானஸ்நானத்தைக் கிறிஸ்துவோடு அடக்கம்பண்ணப்பட்டு எழுவதாகச் சொல்கிறார்.

தாமிரபரணியில் ஒரு தோழியின் ஞானஸ்நானத்துக்குப் போயிருந்தேன். வெள்ளைச் சுடிதார், இடுப்பளவு தண்ணீர். போதகர் ஒரு கையை அவள் முதுகுக்குக் கொடுத்து, மறு கையால் அவள் குவித்திருந்த கைகளைப் பிடித்து, மல்லாக்கச் சாய்த்தார். முகம் தண்ணீருக்குள் போன நொடியில் கரையில் பாட்டு நின்றுவிட்டது. அவள் எழுந்து மூச்சு வாங்கியபோதுதான் அந்த ரோமர் அதிகாரம் எனக்குப் புரிந்தது.

ஆனால் தண்ணீரின் அளவை வைத்துச் செல்லும், செல்லாது என்று தீர்ப்புச் சொல்வது வேறு. ஆதி சபையின் மிகப் பழைய கையேடுகளில் ஒன்றான 'திதாகே' சொல்வது இது: ஓடும் தண்ணீரில் கொடுங்கள், கிடைக்காவிட்டால் வேறு தண்ணீர், அதுவும் போதாதென்றால் தலையில் மூன்று தரம் ஊற்றுங்கள். அன்றைக்கே அவ்வளவு தாராளம்!

குழந்தைக்குக் கொடுக்கலாமா என்பதுதான் நிஜமான சண்டை. விசுவாசித்த பிறகுதான் ஞானஸ்நானம் என்பது ஒரு கட்சி. பிலிப்பி பட்டணத்துச் சிறைக்காவலன் தன் வீட்டார் அனைவரோடும் பெற்றானே, அந்த வீட்டில் ஒரு கைக்குழந்தைகூடவா இருந்திருக்காது என்பது இன்னொரு கட்சி. இருந்ததா இல்லையா என்று வசனம் சொல்லவில்லை. 1525-இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் சிலர், குழந்தையில் பெற்றது செல்லாது என்று இரண்டாம் முறை ஞானஸ்நானம் எடுத்தார்கள். அவர்களில் ஒருவரான ஃபீலிக்ஸ் மான்ஸை 1527 ஜனவரியில் லிம்மாத் ஆற்றில் மூழ்கடித்தே கொன்றார்கள். 500 வருஷமாகத் தீராத வழக்கு, உங்கள் கல்யாணப் பத்திரிகை அடிப்பதற்குள் தீராது.

உங்கள் சபையின் கணக்கு இது: அன்று பெற்றோரும் ஞானப்பெற்றோரும் உங்களுக்காகச் சொன்னதை, திடப்படுத்தலில் பேராயர் முன்னால் நின்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். "ஒரே கர்த்தரும், ஒரே விசுவாசமும், ஒரே ஞானஸ்நானமும்" என்கிறது எபேசியர் நிருபம். ஆகவே இரண்டாவது கிடையாது. என் சாய்வும் இந்தப் பக்கம்தான், மறைக்கவில்லை.

சரி, அதை விடுங்கள். முழுக்குக்காரர்களின் வாதத்தையே எடுத்துக்கொள்வோம். பிறர் முடிவு செய்து கொடுப்பது ஞானஸ்நானம் ஆகாது, தானே விசுவாசித்து வந்து கேட்க வேண்டும் என்பதுதானே அது? அப்படியானால் மாமியார் வீட்டு நிபந்தனைக்காக எடுப்பது எந்தக் கணக்கில் வரும்? மூன்று மாதத்தில் அப்பா அம்மா முடிவு செய்தார்கள், இப்போது சம்பந்தி வீடு முடிவு செய்கிறது. இதை மாப்பிள்ளையிடம் இப்படியே கேளுங்கள். யோசிக்கிற ஆள் என்றால் அவருக்குப் புரியும். எரிந்து விழுந்தால், அதுவும் கல்யாணத்துக்கு முன்பே தெரிய வேண்டிய விஷயம்தான்.

எந்தச் சபையில் கல்யாணம், பிறக்கப்போகும் பிள்ளைக்கு என்ன செய்வது என்பதையும் இதே சூட்டில் பேசிவிடுங்கள். நாளைக்கு அதே தண்ணீர்ப் பிரச்சினை தொட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். உங்கள் ஆயரையும் ஒருமுறை பாருங்கள்; முழுக்கு எடுத்தால் சபையில் உங்கள் அங்கத்தினர் நிலை என்னவாகும் என்று அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

கல்யாணம் முடிந்து ஒரு வருஷம் கழித்து, யாரும் நெருக்காமல் உங்களுக்கே ஆற்றில் இறங்கத் தோன்றினால், நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் அம்மாவிடம் முன்கூட்டியே நீங்களே சொல்லிவிடுங்கள். பக்கத்து வீட்டு அக்கா வந்து சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது என்று ஆகிவிடக் கூடாது.