வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து சீட் வாங்க வேண்டாம்

அம்மா, உங்கள் கவலை புரிகிறது. பிளஸ் டூ முடித்த மகனுக்கு மேனேஜ்மென்ட் கோட்டாவில் ஏஐ இன்ஜினீயரிங் சீட் வாங்கியே ஆக வேண்டும் என்று பெரியப்பாவும் மாமாவும் நெருக்குகிறார்கள். அதற்காக வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கவும் துணிந்துவிட்டீர்கள். அவனோ பழைய லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டுக்கொண்டு, ராத்திரியெல்லாம் கறுப்புத் திரையில் ஏதோ தட்டிக்கொண்டிருக்கிறான். பத்திரத்தில் கை வைக்காதீர்கள். முதலில் அவன் என்ன தட்டுகிறான் என்று கேளுங்கள்.

அது வீண்பொழுது இல்லை. லினக்ஸ் சர்வர்களை, அதாவது வெப்சைட்டுகளையும் தகவல்களையும் தாங்கும் கம்ப்யூட்டர்களை, பராமரிக்க ஆள் தேவைப்படாத ஐடி நிறுவனம் அரிது. ஆனால் நம் உறவினர்கள் வாயில் இந்த வேலையின் பெயரே வருவதில்லை.

இந்த வேலையில் முதலில் கேட்கப்படும் கேள்வி, "இந்த மெஷினில் ஓடுவது எந்த வெர்ஷன்?" என்பதுதான். சுலபமாகத் தோன்றும், ஆனால் தடுக்கிவிடும். 'யூநேம் -ஆர்' என்ற கட்டளையைத் தட்டினால் கிடைப்பது, சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னலின் எண் மட்டும். லினக்ஸ் வகைகளில் அது உபுண்டுவா, டெபியனா, அதில் எத்தனையாவது வெளியீடு என்று அறிய, இடிசி ஃபோல்டரில் இருக்கும் ஓஎஸ்-ரிலீஸ் ஃபைலைத் திறக்க வேண்டும். ஒரு மெஷினுக்குள்ளேயே தனியாகப் பிரித்து ஓட்டப்படும் கண்டெய்னருக்குள் இன்னும் கவனம் தேவை. அங்கே ஓஎஸ்-ரிலீஸ் டெபியன் என்று சொல்லலாம். கெர்னல் எண்ணோ வெளியே இருக்கும் ஹோஸ்ட் மெஷினுடையதாக இருக்கும். இந்த வித்தியாசத்தை உங்கள் பையன் தானாகவே விளக்கினால், அவன் ஏற்கெனவே பாதையில் இருக்கிறான்.

ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், சென்டோஸ் 7 என்ற லினக்ஸ் வெளியீட்டுக்கான ஆதரவு 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு முடிந்தது. அதன் பிறகு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் கிடையாது. அப்படிப்பட்ட சர்வர்களைக் கண்டுபிடித்து, தகவல் எதுவும் தொலையாமல் புதிய சிஸ்டத்துக்கு மாற்றுவது பொறுப்பான வேலை.

சரி, படிப்பு? அரசு கலைக் கல்லூரியில் பிஎஸ்சி அல்லது பிசிஏ போதும். கூடவே ரெட்ஹேட் என்ற லினக்ஸ் நிறுவனத்தின் ஆர்எச்சிஎஸ்ஏ சான்றிதழ் தேர்வுக்குத் தயாராகட்டும். அதில் நான்கு விடைகளில் ஒன்றை டிக் அடிக்கும் கதை இல்லை. ஓடுகிற மெஷினில் வேலையைச் செய்து காட்ட வேண்டும். ரீபூட் ஆன பிறகும் செய்தது நிற்க வேண்டும். பழகுவதற்கு, ரெட்ஹேட்டின் லினக்ஸோடு ஒத்துப்போகும் ராக்கி லினக்ஸ் இலவசம். ஐஐடி பாம்பேயின் ஸ்போக்கன் டுடோரியல் இணையதளத்தில் லினக்ஸ் பாடங்கள் தமிழிலேயே இருக்கின்றன. ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது, நைட் ஷிஃப்டும் வரும். இதையும் அவனிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

வேலை உறுதி என்று சொல்லி மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கேட்கும் பயிற்சி மையத்துக்கு ஒரு ரூபாய்கூட கொடுக்காதீர்கள். தேர்வுக் கட்டணத்தையும் அவன் வீட்டில் நன்றாகப் பழகிய பிறகு கட்டினால் போதும்.

இன்னொன்று. இதையும் அவன்மேல் திணிக்க வேண்டாம். உறவினர்கள் யாரும் இல்லாத நேரத்தில் அவனோடு உட்கார்ந்து பேசுங்கள். எது பிடிக்கிறது என்று அவனே சொல்லட்டும். அப்புறம் அவனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், கல்லூரியைப் பற்றிப் பேசுவோம்.