ஈரோடு லேப்டாப் முதல் கூடலூர் சிக்னல் வரை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

விண்டோஸா லினக்ஸா, ஐபோனா ஆண்ட்ராய்டா, ஜியோவா ஏர்டெல்லா என்று கேட்டு வரும் கடிதங்களில் பாதி, பதிலைத் தாங்களே முடிவுசெய்துவிட்டு என்னிடம் கையெழுத்து வாங்க வருபவை. அவற்றை ஒதுக்கிவிட்டு, உண்மையிலேயே குழம்பிப் போய் எழுதியவர்களுக்கு மட்டும் இந்த முறை.

கேள்வி: 2017-இல் வாங்கிய லேப்டாப். ஐ5 ஏழாம் தலைமுறை, 8 ஜிபி ரேம். விண்டோஸ் 10 முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 இதில் ஏறாது, புதிதாக வாங்கிவிடுங்கள் என்கிறார் கடைக்காரர். தம்பி மகன் லினக்ஸ் போடச் சொல்கிறான். யார் பேச்சைக் கேட்பது? (ஈரோடு)

கடைக்காரர் சொன்னதில் முதல் இரண்டும் உண்மை. மூன்றாவது வியாபாரம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்தியது. வீட்டு உபயோகத்துக்கு ஓராண்டு நீட்டிப்பு அறிவித்தார்கள், 2026 அக்டோபர் 13 வரை. அதற்கு 30 டாலர் கட்டலாம், அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை அவர்களிடம் பேக்கப் வைக்கச் சம்மதித்தால் இலவசம். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் (TPM) 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும். பிராசஸர் இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். நீங்கள் ஒரு படியில் கோட்டைவிட்டிருக்கிறீர்கள்.

ரூஃபஸ் போன்ற மென்பொருளை வைத்து இந்தச் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11 ஏற்றித் தருபவர்கள் சென்னை ரிச்சி தெருவில் மட்டுமல்ல, எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஓடும். ஆனால் அப்படி ஏற்றிய இயந்திரத்துக்கு அப்டேட் உறுதி என்று மைக்ரோசாஃப்ட் சொல்லவில்லை. பெரிய பதிப்பு வரும்போதெல்லாம் அதே குறுக்குச் சந்தில் மறுபடி நுழைய வேண்டியிருக்கும். கணக்கு வழக்கு வைத்திருக்கும் இயந்திரத்தில் இந்த வேலை வேண்டாம்.

தம்பி மகனின் யோசனைக்கு வருவோம்: விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம். நீங்கள் கணக்கு எழுத டேலி பயன்படுத்துகிறீர்களா? ஆம் என்றால் பேச்சு இத்தோடு முடிந்தது, விண்டோஸிலேயே இருங்கள். டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. வைன் என்ற இடைமென்பொருள் வழியாக அதை லினக்ஸில் ஓட்டிக் காட்டுகிறவர்கள் உண்டு. மார்ச் 31 ராத்திரி அது முரண்டுபிடித்தால் அவர்கள் போனை எடுப்பார்களா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

டேலி இல்லை, பிரௌசர், கடிதம், யூடியூப், வீடியோ கால், பேத்தியின் வகுப்பு, இவ்வளவுதான் வேலை என்றால் லினக்ஸ் மின்ட் தாராளமாகப் போதும். உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் நீண்டகாலப் பதிப்பின்மேல் கட்டியது. 2024-இல் வந்த மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் உண்டு. ஸ்டார்ட் மெனு இடது மூலையில் பழைய இடத்திலேயே இருக்கும், கை பழகுவதற்குச் சில நாள் போதும்.

ஆனால் எடுத்த எடுப்பில் இன்ஸ்டால் செய்யாதீர்கள். 8 ஜிபி பென்டிரைவில் மின்டை ஏற்றி, அதிலிருந்தே லேப்டாப்பை பூட் செய்யுங்கள். உள்ளே இருக்கும் விண்டோஸை அது தொடாது. வைஃபை பிடிக்கிறதா, ஸ்பீக்கர் பேசுகிறதா, தமிழ் அடிக்க முடிகிறதா என்று பாருங்கள். மூடியை மூடி, ஐந்து நிமிடம் கழித்துத் திறந்து, தூங்கிய இயந்திரம் எழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பலருக்கு உதைப்பது இந்த இடத்தில்தான். கடைசியாக ஒரு பக்கம் பிரிண்ட் எடுங்கள். எச்பி பிரிண்டர்கள் பெரும்பாலும் சொன்னபடி கேட்கும். நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளில் தவறாமல் உட்கார்ந்திருக்கும் கேனன் எல்பிபி 2900 லினக்ஸில் படாத பாடு படுத்தும். அது உங்கள் வீட்டில் இருந்தால் தம்பி மகனை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார வைக்கத் தயாராகுங்கள்.

எந்த முடிவுக்குப் போனாலும் சரி, அந்த லேப்டாப்பில் இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் கழற்றிவிட்டு 256 ஜிபி எஸ்எஸ்டி போடுங்கள். பழைய இயந்திரத்துக்குச் செய்யும் செலவில் இதைவிடப் பலன் தருவது வேறில்லை.

கேள்வி: அச்சகம் வைத்திருக்கிறோம். பேஜ்மேக்கர், கோரல் டிரா, பாமினி எழுத்துரு. இருபது வருடக் கோப்புகள். லினக்ஸுக்கு மாறினால் லைசென்ஸ் செலவு மிச்சம் என்கிறார்கள். (சிவகாசி)

லைசென்ஸ் வாங்கி ஓட்டும் அச்சகம் என்று தெரிந்ததே ஒரு சந்தோஷம். ஆனால் மாறாதீர்கள். லினக்ஸ் பிரியன்தான் இதைச் சொல்கிறேன்.

தடை நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை. பாமினி ஃபான்ட் கோப்பை லினக்ஸில் போட்டால் எழுத்து அப்படியே தெரியும், விரல் பழகிய கீபோர்டும் மாறாது. பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கோப்புக்குள் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள்தான். அவற்றுக்குத் தமிழ் முகம் கொடுப்பது மட்டுமே எழுத்துருவின் வேலை, அதை எந்த இயங்குதளத்திலும் அது செய்யும்.

சிக்கல், பக்கம் கட்டும் மென்பொருளான பேஜ்மேக்கரிடம் இருக்கிறது. அதன் கடைசிப் பதிப்பான 7 வந்தது 2001-இல். அடோபியே அதைக் கைவிட்டு இன்டிசைனுக்குப் போய்விட்டது. இன்டிசைனும் லினக்ஸில் இல்லை, இன்றைய கோரல் டிராவும் இல்லை. ஸ்கிரைபஸ் என்ற இலவச மென்பொருள் பேஜ்மேக்கர் கோப்பைத் திறந்து காட்டும், ஆனால் பக்கம் நீங்கள் கட்டியபடியே வராது. தை மாசத்து முகூர்த்தத்துக்கு வரிசையில் நிற்கும் பத்திரிகைகளை வைத்துக்கொண்டு அந்தப் பரிசோதனை எதற்கு?

இயங்குதளத்தை மாற்றும் செலவையும் நேரத்தையும் பழைய கோப்புகளின் உரையை, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டுக்கு மாற்றுவதில் போடுங்கள். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் பாமினியை நன்றாகவே மாற்றித் தரும். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடையும் டேஸ் 16 என்ற தமிழ்க் குறியீட்டு முறையையும் தரமாக அறிவித்தாகிவிட்டது. மெனக்கெட்டு எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம், மறுபடி கேட்டு வரும் வாடிக்கையாளர்களின் கோப்புகளை மட்டும் வரவர மாற்றினால் போதும். பேஜ்மேக்கர் ஓடும் ஒரு கணினியை இன்டர்நெட் இணைப்பு இல்லாமல் தனியே வைத்திருங்கள். அதற்கு விண்டோஸ் 10 முடிந்ததும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

கேள்வி: எந்த ஓஎஸ் சிறந்தது? ஒரே வரியில். (பெயரும் ஊரும் இல்லை)

ராத்திரி எட்டு மணிக்குக் கெட்டுப்போனால் உங்களுக்குத் தெரிந்த யாரால் சரிசெய்ய முடியுமோ, அது.

கேள்வி: மகள் பொறியியல் சேர்கிறாள். மேக்புக்தான் வேண்டும் என்று பிடிவாதம். வாங்கித் தரலாமா? (திருநெல்வேலி)

எந்தப் பிரிவு என்று நீங்கள் எழுதவில்லை, பதிலே அதில்தான் இருக்கிறது. கணினி அறிவியல் என்றால் தாராளமாக வாங்கலாம். 2020-இல் எம்1 சிப் வந்ததிலிருந்து பேட்டரி விஷயத்தில் மேக்புக்கோடு போட்டி போடுவது மற்றவர்களுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. சிவில், மெக்கானிக்கல் என்றால் யோசியுங்கள். சாலிட்வொர்க்ஸ், ரெவிட், ஸ்டாட் புரோ எல்லாம் விண்டோஸ் மட்டுமே அறிந்தவை. ஆட்டோகேட் மேக்கிலும் உண்டு என்றாலும் விண்டோஸ் பதிப்பில் உள்ள எல்லாம் அதில் இல்லை. எலக்ட்ரானிக்ஸில் விவாடோ என்ற மென்பொருள் தேவைப்படும், அது விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும், மேக்கில் ஓடாது.

சேர்க்கை முடிந்து, துறையில் படிக்கும் சீனியர் ஒருவரிடம் கேட்ட பிறகு வாங்குங்கள். முதல் செமஸ்டரில் லேப்டாப் இல்லாததால் யாரும் அரியர் வைப்பதில்லை. விண்டோஸ் என்றால் 16 ஜிபி ரேமுக்குக் கீழே இறங்காதீர்கள். லினக்ஸ் கற்றுக்கொள்ள வேண்டும் என்றாலும் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் என்ற வசதி வழியாகப் பழகலாம்.

கேள்வி: வீட்டுக்குள் ஜியோ சுத்தமாக எடுப்பதில்லை. வாசலில் போய் நின்றுதான் பேசுகிறோம். பிஎஸ்என்எல்லுக்கு மாறினால் சரியாகுமா, ஏர்டெல் நல்லதா? (கூடலூர், நீலகிரி)

எந்தக் கம்பெனி நல்லது என்ற கேள்விக்கு மலையில் அர்த்தமே கிடையாது. எந்தக் கம்பெனியின் டவர் உங்கள் சரிவைப் பார்த்து நிற்கிறது என்பதுதான் கேள்வி. ஒரே தெருவில் மேல் வீட்டுக்கு ஒன்றும் கீழ் வீட்டுக்கு வேறொன்றும் எடுப்பதைக் கூடலூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எண்ணை வைத்துக்கொண்டே கம்பெனி மாறுவதற்கு, அதாவது போர்ட் செய்வதற்கு, முன் அளந்து பாருங்கள். திரையில் தெரியும் கோடுகளை நம்பாதீர்கள், ஒவ்வொரு போனும் தன் இஷ்டத்துக்குக் கோடு போடும். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், அபவுட் போன், சிம் ஸ்டேட்டஸ் என்று உள்ளே போனால் சிக்னல் வலிமை dBm என்ற அளவில் இருக்கும். மைனஸில் வரும் எண் அது. 4ஜியில் மைனஸ் 85 என்றால் நல்ல சிக்னல். மைனஸ் 105 என்றால் பேசலாம், வீடியோ திணறும். மைனஸ் 115-ஐத் தாண்டினால் நீங்கள் சொல்லும் வாசல் கதைதான். பக்கத்து வீட்டுக்காரரின் ஏர்டெல், பிஎஸ்என்எல் சிம்களை இரவல் வாங்கி இரண்டாவது ஸ்லாட்டில் போட்டு, கூடத்திலும் அடுக்களையிலும் படுக்கையறையிலும் இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் எட்டு மணி வாக்கிலும் ஒருமுறை நெட் வேகத்தைப் பாருங்கள். சிக்னல் பலமாக இருந்தும் டவரில் கூட்டம் நெருக்கினால் நெட் ஊர்ந்துகொண்டுதான் போகும்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் உத்தரவால் இப்போது எல்லாக் கம்பெனிகளும் தங்கள் இணையதளத்தில் எங்கே 2ஜி, 4ஜி, 5ஜி கிடைக்கும் என்று வரைபடம் போட்டிருக்கின்றன. பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் உங்கள் வீட்டுச் சுவர் எத்தனை அங்குலம் என்பது அந்த வரைபடத்துக்குத் தெரியாது.

பிஎஸ்என்எல் பற்றிக் கேட்டீர்கள். தேஜஸ் நெட்வொர்க்ஸ், சி-டாட், டிசிஎஸ் சேர்ந்து உள்நாட்டிலேயே உருவாக்கிய அதன் 4ஜி, 2025 செப்டம்பர் 27-இல் முறைப்படி நாடு முழுவதும் தொடங்கியது. தனியார் தொடாத கிராமங்களிலும் டவர் வைக்கும் வேலையை அரசு அதனிடம்தான் கொடுத்திருக்கிறது. அதன் 700 மெகாஹெர்ட்ஸ் அலை தூரமும் போகும், சுவரையும் ஓரளவு ஊடுருவும், மலைக்கு ஏற்றது. ஆனால் அந்த அலையைப் பிடிக்க உங்கள் போனில் பேண்ட் 28 இருக்க வேண்டும். பழைய போன்கள் பலவற்றில் இல்லை. போன் மாடலின் பெயரைப் போட்டு பேண்ட் பட்டியலைத் தேடிப் பாருங்கள். அது இல்லாமல் சிம்மை மட்டும் மாற்றிவிட்டு பிஎஸ்என்எல்லைத் திட்டுவது நியாயமில்லை.

வீட்டில் ஃபைபர் இணைப்பு இருந்தால் இத்தனை பாடும் வேண்டாம். போனில் வைஃபை காலிங்கை ஆன் செய்யுங்கள். ஏர்டெல்லில் 2019 டிசம்பரிலும் ஜியோவில் 2020 ஜனவரியிலும் வந்த வசதி, தனிக் கட்டணம் கிடையாது. வீட்டுக்குள் டவரே இல்லாமல் பேசலாம்.

இன்னொன்று. இரண்டு சிம் போனில் இரண்டையும் ஒரே கம்பெனியில் வைத்திருப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு 2018 பிப்ரவரிதான் ஞாபகத்துக்கு வரும். ஏர்செல் ஒரேயடியாகப் படுத்துக்கொண்டபோது, வீட்டில் அத்தனை பேரும் ஏர்செல் வைத்திருந்த குடும்பங்கள் போர்ட் குறியீடு வாங்கக்கூட சிக்னல் இல்லாமல் அல்லாடின. ஆளுக்கொரு கம்பெனி இருக்கட்டும்.

கேள்வி: அம்மாவிடம் பட்டன் போன் இருக்கிறது. அவருடைய எண்ணையும் ஜியோவுக்கு மாற்றிவிடலாமா? குடும்பம் முழுக்க ஜியோ. (புதுக்கோட்டை)

பழைய 2ஜி பட்டன் போன் என்றால் மாற்றாதீர்கள், மாற்றிய நாளே அது ஊமையாகிவிடும். 2016 செப்டம்பர் 5-இல் தொடங்கியதிலிருந்து ஜியோவில் 2ஜி என்ற பேச்சே இல்லை. ஏர்டெல், விஐ, பிஎஸ்என்எல் மூன்றிலும் 2ஜி இன்னும் ஓடுகிறது. ஜியோதான் வேண்டும் என்றால் 4ஜி பட்டன் போன் வாங்க வேண்டும். அம்மாவுக்கு நெட் தேவையில்லை என்றால், டேட்டா இல்லாமல் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள ரீசார்ஜைக் கேட்டு வாங்குங்கள். டிராய் 2024 டிசம்பரில் கட்டாயமாக்கியது. கடைக்காரர் தானாக எடுத்துத் தர மாட்டார்.

கேள்வி: ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்குப் போகிறேன். வாட்ஸ்அப் பேச்சுகள் வருமா? (கோவை)

வரும், ஆனால் கூகுள் டிரைவ் பேக்கப்பிலிருந்து வராது. ஐபோன் அதைத் திறக்காது. புது ஐபோனை முதன்முதலில் ஆன் செய்து அமைக்கும்போதே, ஆண்ட்ராய்டிலிருந்து தரவை மாற்றும் திரையில் நிறுத்தி, பழைய போனில் 'மூவ் டு ஐஓஎஸ்' செயலியைத் திறந்து வாட்ஸ்அப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவசரப்பட்டு ஐபோனை அமைத்து முடித்துவிட்டால், முழுக்க அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

நீண்ட நாள் அப்டேட் வரும் என்பதற்காக மட்டும் மாறுகிறீர்கள் என்றால், அந்தக் காரணம் பழையதாகிவிட்டது. பிக்சல் 8-க்கும் சாம்சங் எஸ்24-க்கும் ஏழு ஆண்டு என்று சொல்லித்தான் விற்றார்கள்.

கேள்வி: எண்ணை மாற்றாமல் கம்பெனியை மாற்ற எத்தனை நாள் ஆகும்? இடையில் வங்கி ஓடிபி நின்றுவிடுமா? (தஞ்சாவூர்)

ஆங்கிலத்தில் போர்ட் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, உங்கள் பத்து இலக்க எண்ணைச் சேர்த்து 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். வரும் குறியீடு தமிழ்நாட்டில் நான்கு நாள் செல்லும். அதற்குள் புதுக் கம்பெனியில் ஆதாரோடு போய் நில்லுங்கள். தமிழ்நாட்டுக்குள்ளேயே மாறினால் மூன்று வேலை நாள், வேறு மாநில வட்டத்தின் எண் என்றால் ஐந்து. இப்போதைய கம்பெனியில் 90 நாளாவது இருந்திருக்க வேண்டும், போஸ்ட்பெய்டு பாக்கி நிற்கக் கூடாது.

புது சிம் உயிர்பெறும்வரை பழையது வேலை செய்யும். மாறும் வேளையில் சில மணி நேரம் இரண்டும் செத்துக் கிடக்கும், ஓடிபி வராது. பெரும்பாலும் ராத்திரியில்தான் நடக்கும் என்றாலும் ஃபீஸ் கட்டக் கடைசி நாள், ரயில் தத்கல் எடுக்கும் நாள் பக்கம் இதை வைத்துக்கொள்ள வேண்டாம். சிம் மாறியதும் யூபிஐ செயலிகள் எண்ணை மறுபடி சரிபார்க்கச் சொல்லலாம். அதற்கு புது சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் போக வேண்டும், எனவே முதல் ரீசார்ஜில் எஸ்எம்எஸ்ஸும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சிம் தொலைந்து சமீபத்தில் மாற்றியிருந்தால், ஏழு நாள் கழித்துத்தான் 1900 குறியீடு தரும். 2024 ஜூலை 1 முதல் இந்த விதி. அடுத்தவர் எண்ணுக்கு டூப்ளிகேட் சிம் வாங்கி, கையோடு வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொண்டு போனவர்களால் வந்த வினை.